எங்கள் ஆறு பேர் ஏஜென்சியில் கூகுள் சர்ச் கன்சோல்: பல வருஷம் பயன்படுத்திய பிறகு ஒரு விமர்சனம்

நாங்கள் ஆறு பேர். இரண்டு டிசைனர்கள், ஒரு டெவலப்பர், எழுதுவதற்கு நானும் இன்னொருவரும், கிளையன்ட்களோடு பேசவும் கணக்குப் பார்க்கவும் ஒருவர். லோகோ, வெப்சைட், சோஷியல் மீடியா போஸ்ட், சின்னச் சின்ன விளம்பரங்கள் என்று கிடைக்கிற எல்லாமே செய்கிறோம். இந்த அளவு ஏஜென்சியில் இருந்தவர்களுக்குத் தெரியும், மாதாமாதம் பணம் கட்டும் மென்பொருள்கள் ஒன்றொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும், வருஷக் கடைசியில் பார்த்தால் பாதியை யாரும் திறந்தே இருக்க மாட்டோம். ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பட்டியல் போட்டோம். டிசைன் கருவி, போஸ்ட் நேரம் குறிக்கும் கருவி, கீவேர்ட் கருவி என எதை எடுத்தாலும் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் பேச்சு வந்தது. இது இல்லாவிட்டால் மட்டும் முடியாது என்று ஆறு பேரும் சொன்னது, ஒரு பைசா கட்டாமல் கிடைக்கும் கூகுள் சர்ச் கன்சோலைத்தான். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் தேடலில் உங்கள் தளம் எந்தெந்தச் சொற்களுக்கு வந்தது, எத்தனை முறை வந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எந்த இடத்தில் வந்தது என்பதையும், உங்கள் பக்கங்களில் எவற்றை கூகுள் இன்டெக்ஸில் (தேடலில் காட்டுவதற்காக அது வைத்திருக்கும் பட்டியலில்) சேர்த்திருக்கிறது, எவற்றைச் சேர்க்கவில்லை, ஏன் சேர்க்கவில்லை என்பதையும் காட்டும் கருவி இது. முன்பு வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது, 2015-இல் பெயர் மாற்றினார்கள். 2018-இல் புதிய வடிவம் வந்தது. அதுவரை 90 நாள் தரவுதான் பார்க்க முடியும், அதற்கப்புறம் 16 மாதம் ஆனது. வெப்மாஸ்டர் என்ற பழைய பெயராலோ என்னவோ, இது டெவலப்பர்களுக்கான சமாச்சாரம் என்று நிறைய எழுத்தாளர்கள் இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். எங்கள் டெவலப்பர் ஒரு நாள் தன் திரையை என் பக்கம் திருப்பி, "இதைப் படிச்சுப் பாருங்க, இது உங்களுக்கு வேண்டியது" என்றார். நான் பார்த்த அந்தப் பட்டியல்தான் இந்தக் கருவியின் உயிர். மக்கள் தேடல் பெட்டியில் தட்டிய சொற்கள், அவர்கள் தட்டியபடியே இருந்தன.

ஒரு காலத்தில் இந்தச் சொற்கள், தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுளின் இன்னொரு கருவியான அனலிட்டிக்ஸிலேயே வந்துகொண்டிருந்தன. 2011 அக்டோபரில் கூகுள், கணக்கில் நுழைந்து தேடுபவர்களின் தேடல்களை மறையாக்கம் செய்யத் (மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றத்) தொடங்கியது. அப்புறம் அது எல்லோருக்கும் பரவி, அனலிட்டிக்ஸில் தேடிய சொல் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும், என்ன கேட்டுக்கொண்டு வந்தார்கள் என்று தெரியாது. எழுதுகிறவனுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இயன்முறை மருத்துவ மையம் ஒன்று எங்கள் கிளையன்ட். அவர்களுடைய பழைய தளத்தில் குதிகால் வலிக்கென்று ஒரு பக்கம் இருந்தது. தலைப்பு "பிளான்டார் ஃபேசியைடிஸ் சிகிச்சை". மருத்துவ ரீதியாக அது சரிதான், பாதத்தின் அடியில் இருக்கிற தசைநார்ப் பட்டை பாதிக்கப்படுவதால் வரும் வலிக்கு அதுதான் பெயர். நாங்கள் தளத்தைப் புதுப்பிக்க எடுத்தபோது எங்கள் பங்குக்கு அதன் மேல் இன்னும் அழகாக ஒரு வரி போட்டோம். "ஒவ்வொரு அடியிலும் நம்பிக்கை" என்று. டிசைனர் அதற்கு ஒரு படம் வரைந்தார், பெரிய எழுத்து, நிறைய வெற்றிடம், பார்க்கவே நன்றாக இருந்தது. மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். செயல்திறன் வரைபடத்தில் கிளிக்குகள் நீலக் கோடு, இம்ப்ரஷன்கள் (தேடல் முடிவில் வந்த தடவைகள்) ஊதாக் கோடு. ஊதா மேலே போயிருக்கிறது, நீலம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. கீழே தேடல் பட்டியலில் இருந்த வரிகள் இந்த மாதிரி: காலையில் எழுந்ததும் குதிகால் வலி, முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துவது ஏன், குதிகால் வலி நடக்கலாமா, ரொம்ப நேரம் நின்றால் குதிகால் வலி. மருத்துவப் பெயரைத் தேடியவர்கள் பட்டியலில் எங்கோ கீழே இருந்தார்கள். நம்பிக்கை என்று ஒருவரும் தேடவில்லை.

அந்தப் பட்டியலை மறுபடி மறுபடி படித்தேன். காலையில் படுக்கையை விட்டு இறங்கி, முதல் அடியை வைத்து, வலியில் திரும்பக் கட்டிலிலேயே உட்கார்ந்து, பக்கத்திலிருக்கிற ஃபோனை எடுத்துத் தேடியிருக்கிறார் யாரோ. எழுந்து கொஞ்ச நேரம் நடந்ததும் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும் என்பதுதான் இந்த வலியின் இயல்பு என்று அந்த மருத்துவரே எங்களுக்கு பிரீஃப் கொடுத்தபோது சொல்லியிருந்தார். நாங்கள் அதைக் குறித்துக்கொண்டோம், எழுதவில்லை. பக்கத்தின் தலைப்பை "காலையில் எழுந்ததும் குதிகால் வலிக்கிறதா?" என்று மாற்றினோம். முதல் பத்தியில் அந்த முதல் அடியை எழுதினோம். மருத்துவப் பெயரை இரண்டாம் பத்தியில் விளக்கத்தோடு வைத்தோம். நடக்கலாமா என்று கேட்டவர்களுக்கு மருத்துவரிடம் கேட்டு ஒரு தனிப் பகுதி எழுதினோம். டிசைனர், பாவம், தன் படத்தை விட்டுக்கொடுத்து, கட்டிலின் ஓரத்தில் தொங்கும் இரண்டு கால்களை வரைந்தார். அதுதான் அவர் வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம்.

அடுத்த சில வாரங்களில் நீலக் கோடு எழுந்தது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, மையத்தின் வரவேற்பில் இருப்பவர் ஃபோனில் சொன்னது. வருகிறவர்கள் "நீங்க எழுதியிருக்கற மாதிரியேதான் எனக்கு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்களாம்.

இதற்கப்புறம் எங்கள் வேலை முறையே மாறிவிட்டது. திங்கட்கிழமை காலையில் அந்த வாரம் கையில் இருக்கிற கிளையன்ட்களின் கன்சோலைத் திறந்து, வடிகட்டியில் ரெகெக்ஸ் (பல சொற்களை ஒரே வடிவமாகக் கொடுத்துத் தேடும் முறை) வசதியைத் தேர்ந்தெடுத்து, எப்படி|ஏன்|எவ்வளவு|எத்தனை என்று போடுவேன். நடுவில் இருக்கும் நேர்கோடு "அல்லது" என்று பொருள் தரும். இந்த வசதி 2021-இல் வந்தது, தமிழ்ச் சொற்களையும் தாராளமாகப் போடலாம். மக்கள் கேள்வியாகக் கேட்டது மட்டும் தனியாக வந்து நிற்கும். பத்து கேள்வி கிடைத்தால் அந்த மாதத்துக்கான போஸ்ட், ரீல், பக்கங்களுக்கான திருத்தம் எல்லாவற்றுக்கும் விதை கிடைத்துவிட்டது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களையும் இங்கே பார்க்கலாம். ஒரே சொல்லை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

கிரியேட்டிவ் ஏஜென்சிக்குள் இருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் எழுதுவதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற இன்னொரு ஏஜென்சிக்காரர் பார்த்து மெச்ச வேண்டும் என்று எழுதியது. கிளையன்ட் தன் போட்டியாளர் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொல்வார். நடுவில் பொருளை வாங்க வருகிறவருக்காக எழுதுகிற ஆள் அறையில் யாருமே இருக்க மாட்டார். அந்த ஆளை அறைக்குள் கூட்டிவந்து உட்கார வைப்பது இந்தத் தேடல் பட்டியல்தான். முதலாளிக்கும் அவருடைய மார்க்கெட்டிங் ஆளுக்கும் தலைப்பு பற்றிச் சண்டை வரும்போது, நான் இப்போது எந்தப் பக்கமும் பேசுவதில்லை. பட்டியலைத் திரையில் போட்டு, அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். வாசித்து முடிக்கும்போது குரல் தணிந்திருக்கும்.

ரிப்போர்ட்டும் மாறியது. முன்பு மாதம் ஒன்றுக்குப் பதினான்கு பக்கம் அனுப்புவோம், எத்தனை லைக், எத்தனை ஃபாலோயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டப் படம். யாரும் படித்ததில்லை. இப்போது ஒரே பக்கம். இந்த மாதம் மக்கள் புதிதாகக் கேட்ட மூன்று கேள்விகள், அவற்றுக்கு நாம் என்ன செய்தோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம். பதில் எழுதாத கிளையன்ட்கள்கூட இப்போது பதில் எழுதுகிறார்கள், சில சமயம் அந்தக் கேள்விக்குத் தங்கள் அனுபவத்திலிருந்து நீளமாக எழுதுகிறார்கள். அந்தப் பதிலே பாதிக் கட்டுரை.

சரி, இன்டெக்ஸ் பக்கம் வருகிறேன். இது எனக்கு ஒரு கெட்ட நினைவோடு சேர்ந்தது.

ஒரு கிளையன்ட்டின் தளத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டோம். வேர்ட்பிரஸ் என்ற, தளம் கட்டும் மென்பொருளில். சோதனைத் தளத்தில் வேலை நடக்கும்போது கூகுள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில் தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று ஒரு டிக் போட்டு வைப்பது வழக்கம். தளத்தை வெளியிட்ட இரவில் எல்லாம் சரிபார்த்தோம். படிவம் வேலை செய்கிறதா, மொபைலில் சரியாக வருகிறதா, பழைய முகவரிகள் புதியவற்றுக்குத் திருப்பி விடுகின்றனவா என எல்லாம் பார்த்தோம். அந்த டிக்கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பதினோரு நாள் கழித்து கிளையன்ட் கூப்பிட்டு, "விசாரிப்பே வரலையே, என்ன ஆச்சு?" என்றார். கன்சோலின் முகவரிச் சோதனைப் பெட்டியில் முகப்புப் பக்கத்தின் முகவரியை ஒட்டி என்டர் தட்டினேன். நோஇன்டெக்ஸ் குறியால் விலக்கப்பட்டது என்று வந்தது. அந்த டிக் பக்கங்களில் வைக்கும் குறிதான் அது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அது அவருடைய பிழைப்பு. பதினோரு நாள் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து விழுந்துகொண்டிருந்திருக்கின்றன, நாங்கள் அடுத்த வேலையில் மும்முரமாக இருந்திருக்கிறோம்.

டிக்கை எடுத்தோம், சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியலை) மறுபடி கொடுத்தோம், முக்கியமான பக்கங்களுக்கு இன்டெக்ஸ் கோரிக்கை வைத்தோம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அதற்கு வரம்பு உண்டு, கோரிக்கை வைத்தாலே சேர்ந்துவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது, ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதால் வரிசையில் முன்னால் போகவும் முடியாது. கிளையன்ட்டிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். சில வாரங்களில் பக்கங்கள் திரும்பின, அவரும் எங்களோடு தொடர்ந்தார். வெளியீட்டு நாள், மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நான்கு முறை முகவரிச் சோதனை செய்வது அன்றிலிருந்து எங்கள் சட்டம். இதில் கன்சோல் மேல் எந்தக் குறையும் இல்லை, முதல் நாளே போய்க் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.

இன்டெக்ஸ் ரிப்போர்ட்டில் வரும் சொற்களில் இரண்டை மட்டும் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும், நிறையத் தெளிவு கிடைக்கும். "கண்டறியப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்றால் அப்படி ஒரு முகவரி இருப்பது கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. "கிரால் செய்யப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை" என்றால் வந்து படித்தது, சேர்க்கவில்லை. இரண்டாவதில் ஒரு பக்கம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், அதை நேர்மையாக ஒரு தடவை வாசித்துப் பார்ப்பது நல்லது. எங்கள் விஷயத்தில் பெரும்பாலும் எண்ணிக்கைக்காக எழுதிய பக்கங்கள்தான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன.

குறைகள் இல்லாமல் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் விழுகிற குழி சராசரி இடம். ஒரு பக்கம் ஒரே ஒரு சொல்லுக்கு மூன்றாம் இடத்தில் 100 முறை வந்தது என்று வையுங்கள், சராசரி 3. அடுத்த மாதம் அது அப்படியே இருக்க, புதிதாக இன்னொரு சொல்லுக்கு நாற்பத்தொன்றாம் இடத்தில் 100 முறை வருகிறது. இப்போது சராசரி 22. எதுவும் கெட்டுப்போகவில்லை, உண்மையில் தளம் வளர்ந்திருக்கிறது, ஆனால் எண் பயமுறுத்துகிறது. ஒரு கிளையன்ட் இதைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். அதனால் மொத்தச் சராசரியை நாங்கள் ரிப்போர்ட்டில் போடுவதே இல்லை, குறிப்பிட்ட சொல்லுக்கான இடத்தை மட்டும் போடுகிறோம். இம்ப்ரஷனும் அப்படித்தான். நீங்கள் வந்த முடிவுப் பக்கத்தை ஒருவர் திறந்தாலே கணக்கில் சேரும், கீழே உருட்டி உங்கள் இணைப்பைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. இம்ப்ரஷன் கூடியதை வைத்து இத்தனை பேர் பிராண்டைப் பார்த்துவிட்டார்கள் என்று பிரசன்டேஷனில் போடுவது தப்பு. நாங்கள் போட்டிருக்கிறோம், இப்போது போடுவதில்லை.

அப்புறம், பட்டியலில் இருக்கும் கிளிக்குகளைக் கூட்டினால் மேலே இருக்கும் மொத்தத்தோடு ஒத்துவராது. மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடுகிறார்கள். மொத்தத்தில் எண்ணப்படும், பட்டியலில் வராது. அதுவும் போக, திரையில் 1,000 வரிகளுக்கு மேல் காட்டாது. சின்ன தளங்களுக்கு இது போதும், பெரிய தளம் என்றால் 2023-இல் வந்த பிக்குவெரி (கூகுளின் தரவுக் கிடங்கு) ஏற்றுமதியோ, நிரல் மூலம் தரவை எடுக்கும் ஏ.பி.ஐ.யோதான் வழி. அனலிட்டிக்ஸோடும் எண்கள் பொருந்தாது. அது தளத்துக்குள் வந்தவர்களை எண்ணுகிறது, இது தேடல் முடிவில் நடந்த கிளிக்கை எண்ணுகிறது. குக்கீக்குச் சம்மதம் தராதவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அங்கே விடுபடலாம். போதாததற்கு, கன்சோலின் அன்றாடத் தரவு அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நாளைப் பிரிக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு முழு மதியத்தை நான் இழந்திருக்கிறேன். நீங்கள் இழக்க வேண்டாம், போக்கு ஒரே திசையில் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற குறை ஒன்று உண்டு. தேடல் முடிவின் மேலே ஏ.ஐ. எழுதித் தரும் சுருக்கத்தை கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோனது. அந்தச் சுருக்கத்துக்குள் நம் இணைப்பு வந்தால், அதுவும் வழக்கமான இணையத் தேடல் கணக்கிலேயே கலந்துவிடுகிறது. எது பழைய நீல இணைப்பில் வந்த கிளிக், எது சுருக்கத்திலிருந்து வந்தது என்று கன்சோலில் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் வேலை செய்ததுதான் எங்கள் அனுபவம். ஊதாக் கோடு அப்படியே இருக்க நீலம் சரிகிற ஒரு பக்கத்தைப் பார்த்து கிளையன்ட் ஏன் என்று கேட்கும்போது, ஊகத்தைத்தான் சொல்ல முடிகிறது. ஊகம் என்று சொல்லித்தான் சொல்கிறோம்.

வேலையை ஆரம்பிக்கும்போதே உரிமையைச் சரியாக வைத்துக்கொள்வது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் சின்ன ஏஜென்சிகளுக்கும் கிளையன்ட்களுக்கும் மனஸ்தாபம் வருகிறது. எங்களிடம் வந்த ஒருவரின் தளத்துக்கு, முன்பு வேலை செய்த ஏஜென்சி தன் கணக்கிலேயே கன்சோலைத் தொடங்கியிருந்தது. உறவு முறிந்ததும் அவருக்குக் கையில் எதுவும் இல்லை. நல்ல வேளை, டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், அவர் பெயரில் இருந்தது. டி.என்.எஸ்.ஸில் (அந்த டொமைனின் அமைப்புகளில்) ஒரு வரி சேர்த்து உரிமையை நிரூபித்ததும், ஏற்கெனவே கன்சோலில் சேர்த்திருந்த தளம் என்பதால் பழைய தரவு அப்படியே கண்முன் வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கடைக்கு என்னவெல்லாம் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். அத்தனை நாளும் அவருக்கு யாரும் காட்டாத பட்டியல்.

நாங்கள் எப்போதும் கிளையன்ட்டையே உரிமையாளராக வைத்து, எங்களைப் பயனராகச் சேர்த்துக்கொள்கிறோம். பழைய ஆட்களை நீக்கும்போது பெயரை மட்டும் நீக்கினால் போதாது, அவர்கள் உரிமையை நிரூபிக்க வைத்த கோப்பையோ குறியையோ தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதை வைத்தே மறுபடி நுழைய முடியும். இதை நாங்கள் விலகும்போதும் கிளையன்ட்டுக்கு நாங்களே செய்து காட்டிவிட்டுப் போகிறோம்.

இன்னொன்று, அந்த 16 மாத வரம்பு. அதற்கு முந்தையது நாளுக்கு நாள் கழிந்துகொண்டே போகும், பிறகு கேட்டாலும் கிடைக்காது. மாதத்தின் முதல் வேலை நாளில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தேடல் பட்டியலை ஏற்றுமதி செய்து ஒரு ஷீட்டில் சேர்க்கிறோம், ஐந்து நிமிஷ வேலை, முறை வைத்துச் செய்கிறோம். குதிகால் வலிப் பக்கத்தின் முதல் வருஷத் தரவு இப்போது கன்சோலில் இல்லை. எங்கள் ஷீட்டில் இருக்கிறது, தலைப்பை மாற்றிய வாரத்துக்கு டிசைனர் மஞ்சள் நிறம் போட்டு வைத்திருக்கிறார்.